கூழ் ஊற்றிய அம்மாவுக்கு மூன்று ஆதாரங்கள்

எங்கள் பள்ளிக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயர் கொண்ட சந்து. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அதை நெட்டில் தேடிப் பார்ப்பார்கள். தேடினால் அந்தக் கதைதான் வரும். இன்னும் ஒருவர் பார்த்துவிட்டார் என்று அது இன்னும் கொஞ்சம் மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதைக் கீழே இறக்கப் பார்த்துக் களைத்துப்போனவள் நான்.

கல்மண்டபத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். திருவொற்றியூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே புகுந்து வகுப்புக்கு வந்து சேர்வதற்குள்ளேயே பாதி உயிர் போயிருக்கும். இதில் கம்ப்யூட்டர் லேப்பும் என் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் டீச்சர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பிள்ளைகளுக்கு இணையத்தில் தேடிப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சர்க்குலர் வந்திருந்தது. எச்.எம். என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குத்தான் மேடம் பொறுமை ஜாஸ்தி" என்றார். பொறுமை ஜாஸ்தி என்பது எங்கள் பள்ளியில் ஒரு தண்டனை.

லேப்பில் முக்கால்வாசி மெஷின் ஓடாது. உப்புக் காற்று புகுந்து எல்லாவற்றின் முதுகையும் துருப்பிடிக்க வைத்திருந்தது. ஓடுகிற ஒவ்வொன்றின் முன்னாலும் நாலைந்து பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு உட்காருவார்கள். நான் போர்டில் மூன்று கேள்விகளை எழுதிப் போடுவேன். இதைச் சொல்வது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யார் சொல்கிறார்கள்? எதை நெட்டில் பார்த்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள் என்பேன். தலையாட்டுவார்கள். தலையாட்டிவிட்டு முதலில் வருகிற பக்கத்தை அப்படியே பிரின்ட் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

ஒரு வருடம் சோழர் காலத்து ஏரிகள் பற்றி ஒருத்தி கொடுத்த கட்டுரையில், மதகுகளுக்கும் கலிங்குகளுக்கும் நடுவே குக்கர் தள்ளுபடி விளம்பரம் இருந்தது.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"அதுவும் சேந்து வந்துச்சு மிஸ்."

அதற்கு ஸ்கெட்ச் பேனாவால் பூ பார்டர் வேறு போட்டிருந்தாள். திட்டக்கூடத் தெம்பில்லை எனக்கு.

அப்போதுதான் இந்த யோசனை வந்தது. சோழரைக் கொடுத்தால்தானே காப்பி அடிக்கிறார்கள், அவரவர் தெருவைக் கொடுப்போம் என்று. உங்கள் தெருவின் வரலாறு, நாலு பக்கம், நெட்டில் தேடி எழுத வேண்டும், எங்கே எடுத்தது என்று கீழே குறிப்பிட வேண்டும். இன்டர்னல் மார்க் உண்டு.

அன்றைக்கு லேப்பில் ஒரு பீரியட் முழுக்க வழக்கமில்லாத அமைதி. நான் ஒவ்வொரு மெஷினாகப் போய் எட்டிப் பார்த்தேன். தெருப் பெயரைப் போட்டால் வெட்டு, குத்து. பக்கத்துத் தெருவைப் போட்டால் கஞ்சா. எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எண்ணெய்க் கசிவு, சாம்பல், செத்து மிதக்கும் மீன். ஒருத்தி மட்டும் சிரித்தபடி, "மிஸ், எங்க தெருவ போட்டா போலீஸ் ஜீப்புதான் வருது" என்றாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மணி அடித்ததும் எழுந்து போய்விட்டார்கள்.

வந்த கட்டுரைகளில் ஒன்றே ஒன்றுதான் படிக்கிற மாதிரி இருந்தது. பின்சந்தில் குடியிருக்கும் ஒரு பெண் எழுதியது. ஒல்லியாக, வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேசினாலும் வராண்டா வரைக்கும் கேட்கும் குரலோடு இருப்பாள். அப்பா துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஹவுஸ் கீப்பிங் வேலை.

அவள் எழுதியிருந்தது இதுதான். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் பெரிய வேலைநிறுத்தம். மூட்டை தூக்குகிறவர்கள் கூலியில்லாமல் பட்டினி கிடந்தார்கள். இந்தச் சந்தில் கூழ் விற்றுப் பிழைத்த ஒரு அம்மா, வேலைநிறுத்தம் முடிகிற வரைக்கும் யாரிடமும் காசு வாங்காமல் தினமும் பானை பானையாக ஊற்றினாள். அவள் போன பிறகு அந்தச் சந்துக்கு அவள் பெயரையே வைத்துவிட்டார்கள். வருடமும் போட்டிருந்தாள். கீழே ஆதாரமும் இருந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் வட்டாரத்தைப் பற்றிய பக்கம். நான் போய்ப் பார்த்தேன். அதில் அந்தக் கதை இருந்தது. முழு மார்க் போட்டேன்.

அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

அந்த வருடம் ஆண்டு விழா சீக்கிரமே வந்தது. சிறப்பு விருந்தினர் அந்தப் பகுதி அரசியல்வாதி. அவருக்குப் பேச நாலு விஷயம் எழுதிக் கொடுக்கச் சொல்லி எச்.எம். கேட்டபோது, நான் அந்தக் கட்டுரையைத்தான் எடுத்து நீட்டினேன். அவர் மேடையில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கடைசியில் குரல் தழுதழுத்தது. பெற்றோர் பக்கத்திலிருந்து பெரிய கைதட்டல். வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகிற ஏரியாப் பத்திரிகை ஒன்று அடுத்த வாரமே அதைப் படத்தோடு போட்டது. அதைப் பார்த்துவிட்டு வீடியோ சேனல் நடத்துகிற ஒருவர் மைக்கோடு சந்துக்குள் வந்தார். சந்தின் முனை வீட்டுப் பெரியவர் கேமராவைப் பார்த்து, "நான் டவுசர் போட்டுகினு கீற வயசுல அவங்க கையால கூழ் குடிச்சிருக்கேன் நைனா, அந்த ருசி இன்னும் நாக்குல நிக்குது" என்றார். ஆடி மாதம் சந்து வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். வெள்ளைச் சேலையில், அகலப் பொட்டோடு, கையில் அகப்பையோடு ஒரு அம்மா. அந்த முகத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. செல்போனில் ஏதாவது செயலி வரைந்து கொடுத்திருக்கலாம். அந்த வருடக் கூழ் அவள் பெயரில் ஊற்றப்பட்டது.

எனக்கு அப்போதெல்லாம் சந்தோஷம்தான். அந்தப் பெண்ணும் ஒன்றும் சொல்லவில்லை. கதையைப் பற்றி யாராவது பேசினால் மட்டும் ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடுவாள்.

அடுத்த வருடம் அவள் பிளஸ் டூவுக்குப் போய்விட்டாள். புதிதாக வந்த பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கும் அதே தெரு வரலாற்றைக் கொடுத்தேன். ஒருத்தி அந்தக் கூழ் அம்மா கதையை எழுதிக்கொண்டு வந்தாள். நான் போர்டைக் காட்டினேன். வேறு யார் சொல்கிறார்கள்?

"மூணு பேர் சொல்றாங்க மிஸ்" என்று விரல் விட்டாள். கலைக்களஞ்சியம், பத்திரிகை, வீடியோ.

என் பாடத்தை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தவளை நான் அதுவரை பார்த்ததில்லை. சரி, இவளை வைத்தே எல்லோருக்கும் காட்டுவோம் என்று புரொஜெக்டரைப் போட்டேன். அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால், யார் எப்போது எதைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்கிற பட்டியல் இருக்கும். பக்கத்தை எழுதியது யார் என்று பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டே அதைத் திறந்தேன். பழைய மாற்றங்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டு போனேன்.

கூழ் அம்மா சேர்க்கப்பட்ட தேதி, போன வருடம் நான் கட்டுரை வாங்கியதற்கு முந்தின வாரம். சேர்த்தவரின் பயனர் பெயர், பின்சந்துப் பெண்ணின் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்தது.

பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நெட் போயிடுச்சு" என்று சொல்லி ஒயரைப் பிடுங்கினேன். லேப்பில் நெட் போவது புதிதில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தவள், திரையில் இருந்த பட்டியலைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, "நான்தான் மிஸ்" என்றாள்.

"ஏன்டி?"

"நீங்கதான தெருவத் தேடச் சொன்னீங்க. தேடினேன். எங்க சந்து பேரப் போட்டா ஒரே ஒரு நியூஸ்தான் மிஸ் வந்துச்சு. பக்கத்து வூட்டு அண்ணன வெட்டினது. அந்தப் போட்டோல எங்க வூட்டு வாசப்படி தெரியுது. எங்கம்மா போட்ட கோலம் தெரியுது. நான் அத்தயா எழுதுவேன்?"

ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நல்லதா ஒண்ணு இருக்கட்டும்னு போட்டேன். கூழு எங்கம்மா ஆடில ஊத்தும். ஸ்ட்ரைக்கு எங்கப்பா சொன்னது, அவங்க தாத்தா காலத்துல நடந்துச்சாம். ரெண்டயும் சேத்தேன். இவ்ளோ தூரம் போவும்னு நெனைக்கல."

"ஒண்ணும் கிடைக்கலைன்னு எழுதியிருக்கலாமே."

"அப்டி எழுதினா மார்க் போடுவீங்களா மிஸ்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தக் கல்வியாண்டில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிய இரண்டு பெண்களுக்கு என்ன மார்க் போட்டேன் என்பது என் நினைவில் இருந்தது. டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

எச்.எம்.மிடம் சொல்வதா வேண்டாமா என்று ரயிலில் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன். சொன்னால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கடிதம் எழுத வைத்துவிட்டு, கதையை அப்படியே விட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. விழா மலரில் வேறு வந்துவிட்டதே. அதனால் அவளிடமே சொன்னேன். "அந்தச் சந்துக்கு ஏன் அந்தப் பேர் வந்ததுன்னு நிஜமாவே தேடு. நானும் கூட உட்கார்றேன். கிடைச்சதும் நாமே மாத்திடலாம்."

பள்ளி விட்ட பிறகு வாட்ச்மேன் சாவிக்கு வந்து நிற்கிற வரைக்கும் உட்கார்ந்தோம். அவளுக்கு முதலில் கைவரவில்லை. தேடுகிற பெட்டியில் ஒரு முழு வாக்கியத்தைக் கேள்வியாகப் போடுவாள். வருகிற முதல் பத்தில் எதையாவது திறப்பாள். சேர்ந்து வர வேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் போடு, பழைய வருடங்களை மட்டும் கேள், பத்திரிகைகளையும் புத்தகங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிற தளங்களுக்கு நேராகப் போ என்று சொல்லிக் கொடுத்தேன். ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களில் மெஷின் எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கும், அதனால் தேடினால் வராது, பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னேன். புரட்டினாள். எனக்குக் கண் எரிந்து நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன். அவள் புரட்டிக்கொண்டே இருப்பாள்.

ஒரு வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை நாம் எழுதுகிற மாதிரி இங்கிலீஷில் எழுதியிருக்க மாட்டார்கள், அவர்கள் காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று. தினமும் நோட்டில் அந்தப் பெயரை விதவிதமாக உடைத்து எழுதிக்கொண்டு வருவாள். சிலதைப் படித்துவிட்டு நாங்கள் இரண்டு பேருமே சிரித்தோம். அப்படி உடைத்த பெயர்களில் ஒன்றுதான் ஒரு பழைய பட்டண வரைபடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. பெரிய கோப்பு. எங்கள் நெட்டில் அது துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. ரயில்பாதை வந்தது, கடற்கரை வந்தது, கீழ் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், எங்கள் சந்து வந்தது. அதே பெயர்.

மூலையில் இருந்த வருடத்தைப் பார்த்தாள். அவள் கட்டுரையில் போட்ட வேலைநிறுத்தத்துக்கு இரண்டு தலைமுறை முந்தியது.

"அப்போ கூழ் ஊத்தறதுக்கு முன்னாடியே பேர் கீது" என்றாள். பிறகு, "அப்போ நெசமாவே யாரோ ஒருத்தி இருந்துகீறா மிஸ். யாருன்னுதான் தெரியல" என்றாள். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

யார் என்று மேலும் தேடினோம். வீட்டுக்காரியா, யாராவது ஒருவரின் மனைவியா, நிலம் வைத்திருந்தவளா, ஒன்றும் தெரியவில்லை. முதல் மிட்டெர்ம் தேர்வு வந்ததும் விட்டுவிட்டோம். பெயர் பழையது, காரணம் தெரியவில்லை. எங்களிடம் இருந்தது அவ்வளவுதான்.

அவள் கலைக்களஞ்சியத்தில் நுழைந்து தான் எழுதியதை நீக்கினாள். மறுநாளே யாரோ அதைத் திரும்பப் போட்டிருந்தார்கள். காரணம்: செய்தித்தாள் ஆதாரம் உள்ளது, விளக்கமின்றி நீக்க வேண்டாம். இப்போது கதைக்குக் கீழே அந்த ஏரியாப் பத்திரிகையின் சுட்டியும் வீடியோவின் சுட்டியும் சேர்ந்திருந்தன. அவள் மறுபடி நீக்கிவிட்டு, அதைத் திருத்துகிறவர்கள் பேசிக்கொள்கிற உரையாடல் பக்கத்தில் விவரமாக எழுதினாள். நான்தான் இதை முதலில் எழுதினேன், இது என் கற்பனை, பத்திரிகைக்குப் போனதும் இதுதான் என்று. வரைபடத்தின் சுட்டியையும் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து பிரேயர் முடிந்து வகுப்புக்குப் போகிற வழியில் என்னை மடக்கினாள்.

"மிஸ், நான் பொய் சொன்னேன்னு எழுதினேன்ல? அதுக்கு ஆதாரம் குடுன்னு கேக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

வரைபடத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெயர் இருப்பதைத்தானே அது காட்டுகிறது, பெயருக்குக் காரணத்தைக் காட்டவில்லையே என்று ஒருவர் மட்டும் எழுதியிருந்தார். நான் பத்திரிகைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். "அது பழைய நியூஸ் மேடம், இப்போ மறுப்புப் போட்டா ஜனங்களுக்கு என்ன ஏதுன்னே புரியாது. உங்க ஸ்கூல் விழாவுல சொன்னதைத்தானே போட்டோம்?" என்றார். வீடியோக்காரர் போனையே எடுக்கவில்லை.

விஷயம் எப்படியோ சந்துக்குள் கசிந்துவிட்டது. அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அம்மா யாரிடமோ புலம்பியிருக்கிறார். ஒரு நாள் சந்து நலச் சங்கத்தின் செயலாளர் பள்ளிக்கு வந்துவிட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை. ஸ்டாஃப் ரூமுக்குள் வராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"உங்களுக்கு இன்னா பிரச்சன மேடம்?"

"பிரச்சனை ஒண்ணுமில்லை சார். அந்தக் கதை உண்மை இல்லை. அதைத்தான்..."

"எங்க ஏரியாவப் பத்தி இவ்ளோ நாளா கலீஜாதான் எழுதிகினு இருந்தானுங்க. ஒருத்தராச்சும் மறுப்பு போடச் சொல்லி போன் பண்ணீங்களா? இப்போதான் மொத மொதல்ல நல்லதா ஒண்ணு வந்துகீது. அத்த எடுக்கறதுக்குதான் போன் பண்றீங்க."

நான் அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவர் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதிக்குப் பதில் சொல்ல, அடுத்த பீரியடுக்குப் போக வேண்டிய அவசரத்தில், என்னிடம் சக்தி இல்லை.

"அந்தப் பொண்ணத் திட்டாதீங்க சார்" என்றேன்.

"அத்த ஏன் மேடம் திட்டப் போறோம்? அது எங்க பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திட்டவில்லைதான். ஆனால் அந்த ஆடியில் கூழ் ஊற்றியபோது அவளிடம் அகப்பையைக் கொடுக்கவில்லையாம். ஒவ்வொரு வருடமும் அவள் அம்மாவோடு நின்று ஊற்றுகிறவள். இந்தத் தடவை அம்மாவை மட்டும் கூப்பிட்டார்கள். அம்மா போனார். மகளிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதையெல்லாம் அவள் என்னிடம் ஏதோ வேறு ஊர் சமாச்சாரம் மாதிரி சொன்னாள்.

பப்ளிக் எக்ஸாமுக்கு முன்னால், நான் கேட்காமலேயே ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். கதையை எப்படி உண்டாக்கினாள், அது ஒவ்வொரு வாயாக ஏறி எங்கே போனது, வரைபடம் எப்படிக் கிடைத்தது, என்ன தெரியவில்லை, எல்லாம் இருந்தது. தெரியவில்லை என்கிற சொல் ஏழெட்டு இடத்தில் வந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகள் முன்னால் அதை வாசிக்கச் சொன்னேன். மூன்று ஆதாரம் காட்டிய பெண் முன் வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

முடிந்ததும் அந்த முன்வரிசைப் பெண்தான் எழுந்தாள். "அப்போ யாரத்தான் மிஸ் நம்பறது?"

நான் போர்டைப் பார்த்தேன். எனக்குப் பிடித்த அந்த மூன்றாவது கேள்வியை டஸ்டரால் அழித்துவிட்டு, சொல்கிற மற்றவர்கள் அதை எங்கிருந்து எடுத்தார்கள், என்று எழுதினேன். நல்ல பதில் இல்லை. அந்த நேரத்துக்கு வந்தது அதுதான்.

பின்சந்துப் பெண் பாஸ் பண்ணி, எம்.எல்.டி. படிக்கப் போனாள். ரத்தம் சோதிக்கிற படிப்பு. வரலாறு எடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. வீட்டுக்குச் சீக்கிரம் சம்பளம் வர வேண்டும்.

இப்போது லேப்புக்குப் புதிய மெஷின்கள் வந்திருக்கின்றன. பிள்ளைகள் பக்கங்களைத் தேடிப் போவதுகூட இல்லை. கேள்வியைக் கேட்டால் பதிலைக் கோத்துக் கொடுக்கிற செயலியிடம் கேட்கிறார்கள். இந்த வருடம் ஒருத்தி அதனிடம் எங்கள் சந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். வேலைநிறுத்தம், கூழ் எல்லாம் சொன்னது. கூடவே, அந்த அம்மா கத்திவாக்கத்தில் பிறந்தவர் என்றும் சொன்னது. கத்திவாக்கம் எங்கிருந்து வந்தது? பின்சந்துப் பெண் எழுதவில்லை. அரசியல்வாதி சொல்லவில்லை. நானும் இந்தப் பிள்ளைகளும் ஒரு பீரியட் முழுக்கத் தேடினோம். எங்கேயும் இல்லை. ஒருவரும் சொல்லாமலேயே அந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் கிடைத்துவிட்டது. நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கிவிட்டேன் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

போன மாதம் சர்டிபிகேட் ஒன்று வாங்க பின்சந்துப் பெண் பள்ளிக்கு வந்தாள். ஆபீசில் காக்கச் சொன்னதால் லேப்புக்கு வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். குரல் மட்டும் அப்படியேதான் இருந்தது. நலம் விசாரிப்பதற்குள் அவள் போன் நாலு தடவை அதிர்ந்தது.

"யாரு?"

"எங்க சந்து குரூப்பு மிஸ். செயலாளர் மாமாதான்."

"இன்னும் கோபமா இருக்காரா?"

"கோவமா? இப்போ எதுனா ஃபார்வர்டு வந்தா மொதல்ல எனக்குதான் போடறாரு. பொய்ய உண்டாக்கத் தெரிஞ்சவளுக்குதான் பொய்யக் கண்டுபுடிக்கவும் தெரியும்னு சொல்லிகினு கீறாராம். கேஸ் லீக்குன்னு வாய்ஸ் வந்தா கேக்கறாங்க, ரேஷன் கார்டு கேன்சல்னு வந்தா கேக்கறாங்க. எங்கம்மாகூட ஆஸ்பத்திரிலருந்து அனுப்புது. பேஜாரா கீது மிஸ். பஸ்ல, கேன்டீன்ல, எங்க போனாலும் இதே வேல."

அப்போது வந்திருந்தது ஒரு படம். சுரங்கப்பாதையில் பஸ் மூழ்கி நிற்கிறது, நம்ம ஏரியா, இப்போது எடுத்தது, யாரும் அந்தப் பக்கம் போகாதீர்கள். வெளியே தூறல்தான் விழுந்துகொண்டிருந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கினாள். பஸ்ஸின் நிறத்தைப் பார்த்தாள். சுவரோரம் தெரிந்த கடைப் பலகையை விரலால் இழுத்து நடுவில் கொண்டுவந்தாள்.

"போர்டு வேற பாஷை மிஸ். நம்ம ஊரே கிடையாது." படத்தை வைத்தே படத்தைத் தேடினாள். வேறு ஒரு மாநிலம், வேறு ஒரு மழை. அதன் சுட்டியோடு குரூப்பில் பதில் போட்டாள். செயலாளர் அப்படியா சரி என்று எழுதிவிட்டு, அடுத்த நிமிடமே இன்னொன்றை அனுப்பினார்.

நான் மெஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு வந்தேன். அவள் இன்னும் போனில்தான் இருந்தாள். கண்ணுக்குக் கீழே அந்த வயதுக்கு வரக்கூடாத கருப்பு. பார்க்கப் பாவமாக இருந்தது.

"கொஞ்ச நேரம் அதை மூடித்தான் வையேன்" என்றேன்.

"வெச்சா நம்பிடுவாங்க மிஸ்" என்றாள், தலையைத் தூக்காமல்.

ஆபீசிலிருந்து அவள் சர்டிபிகேட் தயார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார். இன்னும் ஐந்து நிமிடம் என்று அவருக்குக் கையைக் காட்டினேன். என் ரயில் போயிருக்கும். அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.